நீரின் பிறந்தகம்

நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் எருமப்பட்டி. வடகிழக்கே தலை நிமிர்ந்தால் கொல்லிமலை. காலடியில் நிலக்கடலையும் மரவள்ளியும் சின்ன வெங்காயமும் விளையும் செம்மண் பூமி. எங்கள் பக்கத்தில் புன்செய் நிலத்தையே காடு என்பது வழக்கம். "காட்டுக்குப் போய் வருகிறேன்" என்று ஒருவர் புறப்பட்டால், அவர் புலியைக் காணப் போகிறார் என்று எண்ணிவிடக் கூடாது. வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டப் போகிறார் என்பதே பொருள். மரமும் விலங்கும் நிறைந்த காட்டை நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். அது தொலைவில் நீலமாகத் தெரியும் ஒன்று; எங்கள் கிணற்றுக்கும் அதற்கும் உறவு உண்டு என்று நினைப்பவர் குறைவு. நானும் நெடுங்காலம் அவ்வாறு நினைத்ததில்லை. என் தொழிலோ நிலத்தடி நீர் இருக்குமிடத்தைக் கண்டறிந்து ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் குறிப்பது!

திருச்செங்கோடு என்றவுடன் பக்தர்களுக்கு அர்த்தநாரீசுவரர் கோயில் நினைவுக்கு வரும். எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு ரிக் வண்டி நினைவுக்கு வரும். பாறையைத் துளைக்கும் சம்மட்டியும், காற்றை அழுத்திச் செலுத்தும் கம்பிரசரும் ஏற்றிய அவ்வண்டிகள் வடநாட்டின் மூலை முடுக்கெல்லாம் சென்று கிணறு தோண்டுகின்றன. அண்மைக் காலத்தில் அவற்றிற் சில கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கின்றன. அத்தகைய குழு ஒன்றுடன், ஒரு கோடைப் பருவம் முழுவதும், கென்யா நாட்டில் பணிபுரியும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை இராது. கிணறு தோண்ட அதுவே தக்க காலம்.

நைரோபிக்கும் மொம்பாசாத் துறைமுகத்துக்கும் இடையே உள்ள வறண்ட சமவெளியில் எங்கள் முகாம் இருந்தது. முதல் நாள் துளையிட்டபோது மேலே பீறிட்டு வந்த கல்தூளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம், இடையிடையே மின்னும் அபிரகத் துணுக்கு. நாமக்கல்லில் கிணறு தோண்டும்போது வருகிற அதே தூள். இதில் வியப்புக்கு இடமில்லை என்று நிலவியல் கற்ற மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் கிழக்கு ஆப்பிரிக்காவும் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலத்தின் பகுதிகளாக ஒட்டிக் கிடந்தன. பின்னர் நிலம் பிளந்தது, கடல் புகுந்தது. ஆனால் பாறை தன் குலத்தை மறக்கவில்லை. இரண்டு நாட்டிலும் அது கடினப் பாறை. அதற்குள் நீர் குளம்போலத் தேங்கி நிற்பதில்லை. வெடிப்புகளிலும் பிளவுகளிலும் ஒளிந்து கிடக்கிறது. பிளவு அகப்பட்டால் நீர். அகப்படாவிட்டால் ஆயிரம் அடி இறங்கினாலும் வெறும் புழுதி.

மக்களின் பாடும் ஏறக்குறைய ஒன்றுதான். நம் பெண்கள் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குடங்களை இடுப்பில் வைத்துச் செல்வார்கள். அவர்கள் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கேன்களை முதுகில் கட்டிச் செல்கிறார்கள். சேலம், தருமபுரி வட்டாரத்தில் சில கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லில் கறை படிகிறதல்லவா? அங்கும் சில ஊர்களில் அந்தக் கறையைக் கண்டேன். சில இடங்களில் நீர் கிடைத்தும் வாயில் வைக்க முடியாதபடி உப்பாக இருந்தது. கிணற்றைச் சுற்றி நின்று பாடக் காத்திருந்த பெண்கள், ஒரு வாய் நீரைச் சுவைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் கேன்களைத் தூக்கிக்கொண்டு திரும்பிய காட்சி என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

பருவம் முடிந்தது, கூலியும் கைக்கு வந்தது. உடன் இருந்தவர்கள் நைரோபிக் கடைத்தெருவுக்குப் போனார்கள். நான் சாவோ தேசியப் பூங்காவுக்குப் போனேன்.

தேசியப் பூங்கா என்ற சொல்லைக் கேட்டுப் பூச்செடியும் ஊஞ்சலும் இருக்கும் என்று எண்ண வேண்டா. ஒரு நிலப்பரப்பை உழவுக்கோ சுரங்கத்துக்கோ வேட்டைக்கோ விடாமல், அதன் இயல்பிலேயே இருக்கும்படி சட்டத்தால் காப்பது தேசியப் பூங்கா. அமெரிக்காவில் 1872-இல் யெல்லோஸ்டோன் என்ற இடத்தில் இவ்வழக்கம் தொடங்கிற்று. இந்தியாவில் முதல் தேசியப் பூங்கா 1936-இல் இமயமலை அடிவாரத்தில் ஏற்பட்டது. அன்று அதற்கு ஹெய்லி பூங்கா என்று பெயர். இன்று அது ஜிம் கார்பெட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவரும் பின்னர்ப் புலிகளுக்காகப் பரிந்து பேசியவருமான அந்தக் கார்பெட், 1947-இல் இந்தியாவை விட்டுச் சென்று குடியேறிய நாடு கென்யாதான். 1955-இல் அவர் காலமாகி அடக்கமானதும் அங்குள்ள நையேரி என்னும் ஊரில்தான். நம் நாட்டில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட தேசியப் பூங்காக்கள் உள்ளன. தமிழ்நாட்டில் ஐந்து: கிண்டி, மன்னார் வளைகுடா, ஆனைமலை, முதுமலை, முகுர்த்தி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் வேறுபாடு வகுத்திருக்கிறது. சரணாலயத்தில் ஆடுமாடு மேய்ப்பதற்கு வரையறையோடு இடம் உண்டு. தேசியப் பூங்காவில் அதற்கும் இடமில்லை.

சாவோ 1948-இல் அமைக்கப்பட்டது. கிழக்கு, மேற்கு என இரு பகுதிகளாகச் சுமார் 22,000 சதுரக் கிலோமீட்டர் விரிந்து கிடக்கிறது. நாமக்கல் மாவட்டத்தைப் போல் ஆறு மாவட்டங்களை அதற்குள் வைக்கலாம். இரண்டு பகுதிகளையும் பிரிப்பது நைரோபி–மொம்பாசாச் சாலையும் இருப்புப் பாதையும். அந்தப் பாதையின் வரலாற்றில் நமக்கும் பங்குண்டு. 1896-இல் ஆங்கிலேயர் அதனைத் தொடங்கியபோது இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைக் கொண்டு சென்றார்கள், பெரும்பாலோர் பஞ்சாபியர். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டனர். 1898-இல் சாவோ ஆற்றுப் பாலம் கட்டியபோது இரண்டு சிங்கங்கள் இரவுதோறும் கூடாரங்களிலிருந்து ஆட்களை இழுத்துச் சென்ற கதை உலகறிந்தது. சிங்கத்தைச் சுட்ட பொறியாளரின் பெயர் எல்லா நூல்களிலும் இருக்கிறது. மாண்ட கூலிகளின் பெயர்களைத் தேடினால் கிடைப்பது அரிது.

அங்குள்ள யானைகள் செந்நிறமானவை! பிறவியிலேயே அப்படி அல்ல. செம்மண் புழுதியை வாரி மேலே இறைத்துக்கொள்வதால் வந்த நிறம். எருமப்பட்டிச் செம்மண்ணிலும் யானை இருந்திருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் நான் சொல்ல வந்தது யானையைப் பற்றி அன்று. எம்சிமா என்னும் ஊற்றைப் பற்றி.

மேற்குச் சாவோவில் கறுத்த எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் நிலத்தின் நடுவே, திடீரென்று பனையும் அத்தியும் சூழ்ந்த பசுஞ்சோலை ஒன்று தோன்றுகிறது. அதன் நடுவில் பளிங்கு போன்ற நீர். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். சுற்றிலும் ஒரு சொட்டு மழை இல்லாத மாதத்திலும் ஊற்று வற்றவில்லை. நீருக்கடியில் கண்ணாடி பதித்த அறை ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். அதனுள் இறங்கி நின்றால் மீன் கூட்டம் முகத்துக்கு நேரே நீந்துகிறது. நீர்யானைகள் இரவில் கரையேறிப் புல் மேய்ந்து, பகலில் நீருக்குள் வந்து சாணமிடுகின்றன. அதை நம்பியே மீன்களும் பிற சிற்றுயிர்களும் வாழ்கின்றன. கரையில் முதலை வாய் திறந்து கிடக்கிறது. துப்பாக்கி ஏந்திய காவலர் துணையின்றி அங்கே நடக்க விடுவதில்லை.

இவ்வளவு நீர் எங்கிருந்து வருகிறது? தொழில் முறையில் எனக்கு எழுந்த வினா இது. வடக்கே சியூலு மலைத்தொடர் இருக்கிறது. எரிமலைச் சாம்பலும் துளைமிகுந்த கல்லும் குவிந்து உண்டான மலை அது. உச்சியில் முகில் தவழும் காடு. அங்கே பெய்யும் மழை ஆறாக ஓடுவதில்லை. மலை அதனை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர்ப் பல கிலோமீட்டர் தொலைவு, பல ஆண்டுக் காலம், நிலத்துக்குள்ளேயே வடிந்து வந்து எம்சிமாவில் கண் திறக்கிறது. அன்று நான் கையால் அள்ளிய நீர், என்றோ பெய்த மழை. காட்டை நம்பி மழை, மழையை நம்பி மலை, மலையை நம்பி ஊற்று. அதோடும் முடியவில்லை. 1950-களில் அமைக்கப்பட்ட பெருங்குழாய் ஒன்று இந்த ஊற்று நீரை இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மொம்பாசா நகரத்துக்குக் கொண்டு செல்கிறது. துறைமுகத்தில் சுமை இறக்கும் தொழிலாளி குழாயைத் திறந்து குடிப்பது சியூலு மலையின் மழை. அவர் அந்த மலையைப் பார்த்திருக்கவே மாட்டார்.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்ல வேண்டும். பூங்காவை அடுத்து வாழும் டைட்டா மக்கள், தங்கள் மண்ணில் ஊறும் நீர் தங்கள் வழியாகவே கடற்கரை நகரத்துக்குப் போக, தாங்கள் தாகத்தோடு நிற்பதாக நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். உப்புநீரைச் சுவைத்துத் திரும்பிய பெண்களைப் பற்றிச் சற்று முன் சொன்னேனே, அவர்களும் அந்தப் பக்கத்தவர்கள்தாம். கோடையில் யானைகள் பூங்காவை விட்டு வெளியே வந்து சோளக் கொல்லையை அழிப்பதும், நீர்த்தொட்டியை உடைப்பதும் அவர்களுக்குத்தான். யானையைப் பார்க்க வருபவன் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்; யானையோடு குடித்தனம் நடத்துபவன் விடிய விடியக் கண்விழிக்கிறான்.

அதற்கு அவர்கள் கண்டிருக்கும் வழிகளில் ஒன்று என்னைப் பெரிதும் கவர்ந்தது. யானைக்குத் தேனீ என்றால் அச்சம். சகல்லா என்ற ஊரில், உயிரியல் ஆய்வாளர் லூசி கிங் என்னும் அம்மையாரின் முயற்சியால், கொல்லையைச் சுற்றிக் கம்பி கட்டி, அதில் பத்து மீட்டருக்கு ஒன்றாகத் தேன்பெட்டிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். யானை கம்பியில் மோதினால் பெட்டிகள் ஆடும், தேனீ கிளம்பும், யானை திரும்பிவிடும். விளைச்சலும் தப்புகிறது, தேனும் கிடைக்கிறது. எல்லாக் கொல்லைக்கும் எல்லாக் காலத்துக்கும் இது போதும் என்று சொல்ல முடியாது. கடும் வறட்சியில் தேனீயே கூட்டை விட்டுப் போய்விடுகிறதாம். ஆயினும் மின்வேலிக்கு இது எவ்வளவோ மேல்.

ஊர் திரும்பியபின் என் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அயல்நாட்டில் போய் ஊற்றின் மூலத்தைத் தேடியவனுக்குத் தன் வீட்டுக் குழாய் நீரின் மூலம் தெரியுமா என்ற வினா எழுந்தது. நாமக்கல் வட்டாரத்தின் பல ஊர்களுக்குக் குடிநீர், காவிரியிலிருந்து இறைத்துக் குழாய் வழியே வருகிறது. மோகனூர்ப் படித்துறையில் நின்று மேற்கே பார்த்தேன். இந்த ஆற்றில் வருவது யார் யாருடைய மழை? குடகு நாட்டின் மழை என்று பள்ளியில் படித்தோம். அது உண்மை, ஆனால் முழு உண்மை அன்று. கபினி ஆறு நாகரகொளே, பந்திப்பூர் ஆகிய இரண்டு தேசியப் பூங்காக்களுக்கு இடையே ஓடி வந்து காவிரியில் கலக்கிறது. நீலகிரியின் நீர் பவானி வழியாக வருகிறது. ஆகவே மார்கழி மாதத்தில் நீலகிரிக்குப் புறப்பட்டேன்.

முதுமலையைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். 1940-இல் சரணாலயமாகி, பின்னர்த் தேசியப் பூங்காவாகி, 2007-இல் புலிகள் காப்பகமாகவும் ஆன இடம். தெப்பக்காட்டு யானை முகாமில் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் மிகுதி. புலி எனக்குக் காட்சி தரவில்லை. அங்கே என்னை நிறுத்தியது மோயாறு. அதன் கரையோடு மேலே, மேலே என்று மனம் போக, அதன் தலைப்பான முகுர்த்திக்கு வனத்துறையின் அனுமதி பெற்றுச் சென்றேன்.

முகுர்த்தி 78 சதுரக் கிலோமீட்டர்தான். சாவோவுக்கு முன்னே கடுகு. உதகைக்கு மேற்கே, மலை முடிந்து மலையாள நாட்டை நோக்கிப் பாதாளமாக இறங்கும் விளிம்பில் இருக்கிறது. விடியற்காலையில் புல்நுனியெல்லாம் உறைபனி. உப்பைத் தூவியது போல வெண்மை. வெயில் ஏறினதும் அது முத்து முத்தாக உருகிப் புல்லின் வேருக்குள் இறங்கியது. மலையின் முதுகெல்லாம் புல்வெளி; மடிப்புகளில் மட்டும் குட்டையான மரங்கள் நெருங்கிய சோலை. தென்மேற்குப் பருவமழை இங்கே கொட்டித் தீர்க்கும். அந்த நீரைப் புல்லின் வேரும் சோலையின் சருகும் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையற்ற மாதங்களில் சிறிது சிறிதாக விடுகின்றன. காலடியில் மண் அமுங்கியது. குனிந்து கேட்டால் எங்கோ சலசலவென்று ஓசை. துளையிடும் வண்டி இன்றி, கம்பிரசர் இன்றி, நீர் தானாகவே வெளியே வந்துகொண்டிருந்தது!

வெள்ளையர் இந்தப் புல்வெளியை வெற்று நிலம் என்று எண்ணினர். விறகுக்கென்று தைல மரமும், தோல் பதனிடும் பட்டைக்கென்று சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்து நட்டனர். சுதந்தரத்துக்குப் பின்னும் அந்த நடவு தொடர்ந்தது. இதற்கு வெள்ளையரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. சீகை, நட்ட இடத்தோடு நிற்காமல் புல்வெளியை விழுங்கிக்கொண்டே போகிறது. இப்போது அதனை வெட்டி அகற்றிப் புல்லை மீட்கும் வேலை நடைபெறுகிறது. நடுவதற்கு ஒரு நாள் போதும். பிடுங்குவதற்கு ஒரு தலைமுறை வேண்டும். நம் மாநில விலங்கான வரையாடு வாழ்வது இந்தப் புல்லை நம்பித்தான். 2024-இல் எடுத்த கணக்கில் தமிழ்நாடு முழுவதும் 1,031 வரையாடுகளே இருந்தன. ஒரு பாறை விளிம்பில் ஏழெட்டு ஆடுகளைக் கண்டேன். அவை என்னை ஒரு பொருட்டாகக் கருதவில்லை.

வழியில் தோடர் மந்து ஒன்றின் அருகே எருமைகள் மேய்ந்தன; வளைந்த பெருங்கொம்பு. முகுர்த்தி முடி தோடருக்குப் புனிதமானது. இறந்தோர் உயிர் அந்த வழியாகவே மறுவுலகம் செல்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஊர்ப்பெயரிலேயே எருமையைத் தாங்கிய நான் அவற்றை உறவினர் போலப் பார்த்து நின்றேன். ஆனால் பூங்கா எல்லைக்குள் கால்நடைக்கு இடமில்லை என்பது சட்டம். எல்லைக் கல் எங்கே நட வேண்டும், யாரைக் கேட்டு நட வேண்டும் என்பது எளிய வினா அன்று. காட்டிலேயே பிறந்து வாழ்ந்த மக்களின் உரிமையை ஒப்புக்கொள்ளும் சட்டம் நம் நாட்டில் 2006-இல்தான் வந்தது.

முகுர்த்தியின் நீர் பைக்காரா ஆறாகிறது. 1932 முதல் மின்சாரம் தருகிறது. மோயாறாகி முதுமலையைக் கடக்கிறது. 1955-இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையில் பவானியோடு கலக்கிறது. கூடுதுறையில் காவிரி ஆகிறது. பள்ளிபாளையம், வேலூர் கடந்து மோகனூருக்கு வருகிறது. அங்கிருந்து குழாய். அதில் முகுர்த்தியின் பங்கு எத்தனை குடம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் இயலாது. பங்கு உண்டு என்பது மட்டும் உறுதி. மகள் புகுந்தகத்தில் செழிப்பாக இருக்கிறாளே என்று மகிழ்பவர்கள், அவள் பிறந்தகம் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது முறையல்லவா?

கொல்லிமலை தேசியப் பூங்கா அன்று. சரிவுகளில் காப்புக்காடு, மேலே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களும் வயல்களும். அதனையும் பூங்காவாக்கிவிட்டால் என்ன என்று ஒரு கல்லூரி மாணவர் என்னைக் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாமையும் தினையும் விதைத்து, சோலையையும் வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக அங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். சாமை விளைந்த நிலத்தில் மரவள்ளி ஏறியது கீழேயுள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்காக, அதாவது நமக்காக. அவர்களை இறக்கிவிட்டுக் கல் நடுவதைவிட, சாமைக்கு நல்ல விலை கொடுப்பது எளிது, நியாயமும் ஆகும்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிச் சென்ற மாதம், அங்கே ஒரு முதியவரைச் சந்தித்தேன். அவர் வயலுக்கு மேலே ஒரு சிறு சோலை. அதன் அடியில் உள்ளங்கை அகல ஊற்று. மூங்கிலைப் பிளந்து வாய்க்கால் வைத்திருந்தார். நான் எருமப்பட்டிக்காரன், கிணற்றுக்கு இடம் குறிப்பவன் என்று சொன்னேன்.

"அப்படியா தம்பி, கீழே இப்போது எத்தனை அடியில் தண்ணீர்?" என்றார்.

"எண்ணூறு அடி, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல், ஐயா."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய், ஊற்றின் வாயில் அடைத்திருந்த சருகைக் கையால் விலக்கிவிட்டார்.